அடுத்த இதழுக்குள்

1940 ஜனவரியில் ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் வாரத் தொடராக வரத் தொடங்கியபோது உ.வே.சாமிநாதையருக்கு எண்பத்தைந்து வயது நிரம்பப்போகிறது. சிந்தாமணியும் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவர் கையால் அச்சேறி நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி முடித்திருந்தார். தம்முடைய வாழ்க்கையை எழுதும்படி அன்பர்கள் பலர் கேட்டும் அது மட்டும் எழுதப்படாமலே கிடந்தது. கடைசியில் அதை எழுத வைத்தது ஒரு வார இதழோடு செய்துகொண்ட ஏற்பாடுதான். 1942 ஏப்ரலில் அவர் மறையும் வரை 122 அத்தியாயங்கள் எழுதப்பட்டன. தமிழ் உரைநடையின் மிகப் பெரிய தன்வரலாறு இப்படித்தான் நமக்குக் கிடைத்தது. எழுதவும் படிக்கவும் ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, அது உள்ளத்தில் தானாக ஊற வேண்டும், ஊறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே பொதுவான பதில். தமிழ்த் தொடர்கதையின் வரலாறு சொல்லும் பதில் வேறு. யாரோ ஒருவர் குறித்த நாளில் காத்திருக்கிறார் என்ற ஏற்பாடு முதலில் வருகிறது. ஊக்கம் அதன் பின்னால் வருகிறது. எழுதுகிறவரை நாற்காலியில் உட்கார வைத்த அதே ஏற்பாடுதான், கதைக்குள் இருக்கும் மனிதர்களுக்கும் ஆசையையும் நோக்கத்தையும் தெளிவாக வகுத்துக் கொடுத்தது.

இந்த ஏற்பாடு பத்திரிகையோடு பிறந்ததல்ல. மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடிய தலபுராணங்களில் பெரும்பாலானவை அந்தந்த ஊர்க்காரர்களும் மடங்களும் கேட்டுக்கொண்டதால் பாடப்பட்டவை. அவர் சொல்லச் சொல்ல மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார்; சாமிநாதையரே அந்த வேலையைப் பல நாள் செய்தவர். கேட்டவர்கள் முன்னிலையில் அரங்கேற்றம் நடக்கும். பாடியவரின் புலமையும் வேகமும் நமக்குத் தெரிகின்றன. அவற்றுக்குப் பின்னால் இருந்த கேட்பாரின் கூட்டத்தை நாம் கவனிப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜமீன்களும் மடங்களும் தளரத் தொடங்க, அந்தக் கூட்டத்தின் இடத்துக்குச் சந்தாதாரர்கள் வந்தார்கள். புரவலர் ஒருவர் கொடுத்த தூண்டுதலைத் தபாலில் இதழ் பெறும் முகம் தெரியாத பலர் சேர்ந்து கொடுக்க ஆரம்பித்தார்கள்.

தமிழின் முதல் நாவலான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் நேரே புத்தகமாக வந்தது. தமிழில் வசன நூல்கள் இல்லாத குறையைத் தீர்க்கவும் நல்லொழுக்கத்தை எடுத்துச் சொல்லவும் எழுதுவதாக ஆசிரியரே முன்னுரையில் நோக்கத்தை வைத்துவிட்டார். அந்த நாவலில் நோக்கம் இருப்பது ஆசிரியருக்குத்தான். பிரதாபனும் ஞானாம்பாளும் நல்லவர்கள், அறிவாளிகள், சொல்வன்மை மிக்கவர்கள். ஆனால் இவர்களுக்கு எது கிடைக்காவிட்டால் தூக்கம் வராது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். கிளைக் கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சுவையாகப் போகின்றன. எந்தக் கதையையும் முன்பின்னாக மாற்றி வைத்தாலும் பெரிய சேதம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாசகர் ஒரே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது ஆசிரியருக்கு வேறு விதமாக எழுத வேண்டிய அவசியம் எழவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1893இல், ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் பி.ஆர்.ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடராக வந்தபோது நிலைமை மாறுகிறது. எழுதத் தொடங்கியபோது ராஜமய்யருக்கு இருபத்தொரு வயது. சிறுகுளத்து முத்துஸ்வாமி அய்யர் ஊரில் கௌரவமாக வாழ்கிறார், செல்வம் போகிறது, மனைவியைப் பற்றி அபவாதம் கிளம்புகிறது, அதை நம்புவதா வேண்டாமா என்று அவர் வேகிறார். இங்கே ஒரு மனிதருக்கு ஒன்று வேண்டியிருக்கிறது, அது எட்டாமல் விலகிக்கொண்டே போகிறது. மாதம் ஒருமுறை மட்டும் இந்த மனிதரைச் சந்தித்த வாசகருக்கு அந்தத் தவிப்புதான் நினைவில் நின்றிருக்கும். கதையின் பிற்பகுதி வேதாந்தத்துக்குள் திரும்பிவிட்டது என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. அதுவும் தவணை எழுத்தின் அடையாளமே. இரண்டு ஆண்டுகள் ஒரு கதையோடு வாழ்ந்த இளைஞர் தாமே வேதாந்தத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தார். விரைவிலேயே ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியரானார். அவருடைய தேடல் மாறியபோது முத்துஸ்வாமி அய்யரின் தேடலும் மாறியது. இதே விவேக சிந்தாமணியில் 1892இல் அ.மாதவையா ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற கதையைத் தொடங்கினார்; தொடர் நடுவில் நின்றது. கதையும் நின்றது. ‘முத்துமீனாட்சி’ என்ற பெயரில் அது முழு உருவம் பெற்று வர 1903 ஆயிற்று. மாதவையா சோம்பேறி அல்ல. ஆங்கிலத்திலும் தமிழிலும் ஓயாமல் எழுதியவர். காத்திருந்த பக்கம் போனதும் கதைக்கு இருந்த அவசரமும் போய்விட்டது.

படிப்புக்கும் இதே தூண்டுதல் பொருந்தும் என்பதற்கு வை.மு.கோதைநாயகி அம்மாள் போதும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், ஐந்து வயதைத் தாண்டியதும் மணம் செய்துவைக்கப்பட்டவர். ‘இந்திர மோகனா’ என்ற நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக்கொடுத்தார். 1925இல் ‘ஜகன்மோகினி’ மாத இதழை ஏற்றுக்கொண்ட பிறகு, 1960இல் இறக்கும் வரை முப்பத்தைந்து ஆண்டுகள் அதை நடத்தி 115 நாவல்கள் எழுதினார். நன்றாகப் படித்துத் தேறிய பிறகு எழுதலாம் என்று அவர் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. மாதாமாதம் நிரம்ப வேண்டிய பக்கங்கள் அவரைப் படிக்க வைத்தன, எழுத வைத்தன, மேடையில் பேச வைத்தன, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போக வைத்த துணிவை வளர்த்தன. அவர் நாவல்களின் கலைமதிப்பைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு பெண் எழுத்தைத் தொழிலாக்கிக்கொண்டது எப்படி என்ற கேள்விக்கு ஜகன்மோகினியின் மாதக் கெடுவை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது.

கல்கியிடம் வரும்போது இந்த ஏற்பாடு முழு வலிமையோடு வேலை செய்வதைப் பார்க்கலாம். மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு இருந்த ஒரு நிலா இரவில் ஆயனரும் சிவகாமியும் மாமல்லரும் மனக்கண்ணில் தோன்றியதாக அவரே ‘சிவகாமியின் சபதம்’ முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்தக் காட்சி பல ஆண்டுகள் அப்படியே மனத்தில் கிடந்தது. 1941இல் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்கி, வாசகர்களை வாரந்தோறும் வரவழைக்க வேண்டிய பொறுப்பு தலையில் ஏறிய பிறகே ‘பார்த்திபன் கனவு’ம், அதன் பின் 1944இல் சிவகாமியும் எழுந்து நடந்தார்கள். உந்துதல் என்று நாம் பெருமையாகச் சொல்லும் அந்த நிலா இரவு உண்மைதான். ஆனால் அதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தது இதழின் தேதி. தேதி இன்னொன்றையும் செய்தது. ஏழு நாள் இடைவெளியில் வாசகர் நிகழ்ச்சிகளை மறந்துவிடுவார். யார் எந்தக் கோட்டையில் யாரைச் சந்தித்தார், எந்தச் சுரங்கப்பாதை எங்கே போனது என்பதெல்லாம் அடுப்பங்கரையிலும் அலுவலகத்திலும் கரைந்துபோகும். மறக்காமல் நிற்பது ஒன்றுதான்: இந்த ஆளுக்கு என்ன வேண்டும். ஆகவே தொடர்கதை எழுதுகிறவர் தம் மனிதர்களின் வேட்கையைக் கையில் எடுத்துப் பார்க்கும் பொருளாகவே செய்து வைக்க வேண்டியிருந்தது. பார்த்திபனுக்கு அது சித்திர மண்டபத்தில் ரகசியமாகத் தீட்டி வைத்த ஓவியங்கள். சிவகாமிக்கு அது வாதாபி எரியும்வரை அந்த நகரத்தை விட்டு வெளியேற மாட்டேன் என்ற சபதம். தன்னை மீட்க உயிரைப் பணயம் வைத்து வந்தவர்களையே திருப்பி அனுப்பும் அளவுக்கு அவளைக் கட்டிப்போட்ட சபதம். ‘பொன்னியின் செல்வ’னில் வரும் வந்தியத்தேவனுக்கு அது இடுப்பில் இருக்கும் ஓலை. நந்தினிக்கு ஒரு வாள். ஓலையையும் வாளையும் சபதத்தையும் சொன்னால் போதும், போன வாரக் கதை முழுவதும் வாசகருக்குத் திரும்பி வந்துவிடும்.

கதாபாத்திரத்துக்கு நோக்கம் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை உடையார்குடிக் கல்வெட்டை வைத்துப் பார்க்கலாம். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலின் கருவறைச் சுவரில் அது இருக்கிறது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோர் பெயரை அது சொல்கிறது. அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பறிமுதலாகி விற்கப்பட்டதைப் பற்றிய ஆவணம் அது. நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதில் அதற்கு அக்கறை. ஏன் கொன்றார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பட்டத்துக்குரிய இளவரசனை, ‘பிரமாதிராசன்’ என்ற உயர்ந்த பட்டம் தாங்கிய அதிகாரிகள் எதற்காகக் கொல்ல வேண்டும்? உத்தம சோழனுக்கு இதில் பங்கிருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார். அப்படி இருக்க முடியாது என்று சதாசிவப் பண்டாரத்தார் வாதிட்டார். வரலாற்று ஆய்வாளர் அந்த இடத்தில் நின்றுவிடலாம், நிற்கவும் வேண்டும். வாரந்தோறும் எழுதுகிறவரால் நிற்க முடியாது. ரவிதாசன் இந்த வாரம் வருகிறான் என்றால், அவனுக்கு என்ன வேண்டும் என்பது இந்த வாரமே தெரிந்தாக வேண்டும். ஆதித்தன் இளமையிலேயே வீரபாண்டியனை வென்று தலை கொண்டதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு பேசுகிறது. கல்கி அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டார். வெட்டப்பட்ட பாண்டியனுக்காகப் பழிவாங்கச் சூளுரைத்த ஆபத்துதவிகள் பிறந்தார்கள். வீரபாண்டியனின் உயிருக்காக மன்றாடித் தோற்ற நந்தினி பிறந்தாள். நில விற்பனையைச் சொல்லும் கல்லுக்கும், 1950 முதல் 1954 வரை ஐந்து பாகங்களாக 293 அத்தியாயங்கள் ஓடிய ‘பொன்னியின் செல்வ’னுக்கும் நடுவில் இருப்பது ‘ஏன்’ என்ற ஒற்றைக் கேள்விதான். இத்தனைக்கும் பிறகு, கரிகாலன் யார் கையால் இறந்தான் என்பதைக் கல்கி மூட்டமாகவே விட்டுவிட்டார். ஒவ்வொருவருக்கும் காரணம் கொடுத்தவர், முடிச்சை மட்டும் வரலாறு விட்ட இடத்திலேயே வைத்தார். அந்த நேர்மையை நான் மிக மதிக்கிறேன். கதை சட்டென்று முடிந்துவிட்டது என்று குறைப்பட்ட வாசகர்களுக்கு முடிவுரையில் அவர் பதில் எழுத வேண்டி வந்தது. நான்கு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை இருந்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், தொடர்கதை மனித மனத்தைக் கனமான கோடுகளால் வரைய வைத்தது என்பது. க.நா.சு. போன்ற விமர்சகர்கள் பத்திரிகை நாவலைக் கடுமையாக எதிர்த்தார்கள். அத்தியாயம் முடியும் இடத்தில் கதவு தட்டப்படுவதும், பிறப்பு ரகசியங்கள் நீண்டுகொண்டே போவதும், தற்செயல் சந்திப்புகள் மலிவதும் அவர்கள் சொன்ன குறைகள். அவை உண்மைக் குறைகள். பொன்னியின் செல்வனிலேயே ஒளிந்திருந்து கேட்கும் காட்சிகளை எண்ணத் தொடங்கினால் சலிப்பு வரும். ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் நிகழ்ச்சிகளைச் சேர்ந்தவை. நுட்பமான நோக்கத்தைத் தொடர்கதை தாங்காது என்ற முடிவுக்கு அவற்றிலிருந்து போக முடியாது, போனால் தி.ஜானகிராமனின் ‘மோகமுள்’ குறுக்கே நிற்கும். சுதேசமித்திரனில் தொடராக வந்த நாவல் அது. பாபுவுக்கு வேண்டியது யமுனாவா சங்கீதமா, ஒன்றின் வழியாக இன்னொன்றைத்தான் அவன் தேடுகிறானா என்பதை அவனாலேயே சொல்ல முடிவதில்லை. வேட்கை எது என்பதில் வாசகருக்குக் குழப்பம் இல்லை. அதன் பொருள்தான் ஆண்டுக்கணக்கில் மாறிக்கொண்டே வருகிறது. ஜெயகாந்தனை எடுத்துக்கொண்டால் வாதம் இன்னும் பலவீனமாகிவிடுகிறது. 1966இல் விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழையில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீட்டுக்கு வரும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று கேட்டார்கள். நோக்கத்தைப் பற்றி ஒரு வாசகர் கூட்டம் எழுத்தாளரிடம் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி அது. ஜெயகாந்தன் அதைத் தள்ளிவிடவில்லை. சரி, தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டி அலறியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்தார். அந்த யோசனை ‘காலங்கள் மாறும்’ என்ற தலைப்பில் தினமணி கதிரில் தொடராகி, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலாகி, 1972இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. நாவலுக்குள்ளேயே ஒரு எழுத்தாளர் வருகிறார். அந்தச் சிறுகதையை எழுதியவர் அவர்தான். அந்தப் பெண் கங்கா படித்து, வேலைக்குப் போய், தன்னைக் கெடுத்தவனையே தேடிப் போவது ஏன் என்ற சிக்கலைத் தமிழில் அதற்கு முன் யாரும் இவ்வளவு பொறுமையாக அவிழ்த்ததில்லை. அந்தப் பொறுமைக்கு வாரந்தோறும் கிடைத்த இடமும், பதில் கேட்டுக்கொண்டிருந்த வாசகர்களும் காரணம்.

இரண்டாவது ஆட்சேபம் சிறுபத்திரிகைப் பக்கத்திலிருந்து வரும்: புதுமைப்பித்தனும் மௌனியும் எந்த ஆசிரியரின் கெடுவுக்கு எழுதினார்கள் என்று. விவரத்தைப் பார்த்தால் அவர்களும் இந்தப் பக்கமே சாட்சி சொல்கிறார்கள். புதுமைப்பித்தன் கதைகளில் கணிசமான பங்கு, 1933இல் தொடங்கிய மணிக்கொடியோடு அவர் நெருங்கியிருந்த சில ஆண்டுகளில் பிறந்தது. மௌனியை எழுதச் சொல்லி விடாமல் தூண்டியவர் அப்போது மணிக்கொடியை நடத்திய பி.எஸ்.ராமையா, அந்தப் பத்திரிகைக் காலம் முடிந்த பின், 1985 வரை வாழ்ந்த மௌனி எழுதியது கொஞ்சமே. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யும் ‘சரஸ்வதி’யில் தொடராகத்தான் ஆரம்பித்தது, தொடர் நின்றதும் கதையும் காத்துக் கிடந்து 1966இல்தான் முழு நூலாக வந்தது. இந்த வரிசையில் அடங்காத ஒருவர் சி.சு.செல்லப்பா. யாரும் கேட்காமல், எந்த இதழும் வெளியிடாமல், முதிய வயதில் ‘சுதந்திர தாகம்’ என்ற மூன்று பாக நாவலை எழுதித் தாமே 1997இல் வெளியிட்டார். என் வாதத்துக்கு அவர் உண்மையான விதிவிலக்கு. அவரைச் சமாளித்து உள்ளே அடக்கப் பார்ப்பது நியாயமாகாது. போராட்டத்தில் சிறை சென்றவருக்கு அந்தக் காலத்தைப் பதிவுசெய்வது கடனாகத் தோன்றியிருக்கும், அந்தக் கடனே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அப்படிப்பட்ட மனிதர் அரிது. அவரைப் போல் எல்லோரும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து, இல்லாதவர்களை ஊக்கமற்றவர்கள் என்று ஒதுக்கினால் நமக்கு இலக்கியம் மிஞ்சாது.

படிப்பிலும் இதே கதைதான். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்த நிகழ்ச்சி தமிழர் பலருக்கும் தெரிந்தது. தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் அசையாமல் இருந்து, இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணியைப் படித்ததில்லை. இருபத்தைந்து வயதில், கல்லூரித் தமிழாசிரியராக இருப்பவருக்கு அது அவமானமாகத்தான் இருந்திருக்கும். முதலியார் அதோடு விட்டிருந்தால் அது வெறும் அவமானமாகவே முடிந்திருக்கும். கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். வந்து பாடம் சொல்லும்படி கேட்டார். சொல்லிக்கொடுப்பதற்காகச் சாமிநாதையர் படித்தார், புரியாத இடங்களுக்காகக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போனார். ஏழு ஆண்டுகளில், 1887இல், சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து விகடன் வாசகர்களுக்காக இந்தக் காட்சியை எழுதியபோது, நல்ல நாவலாசிரியர் தம் நாயகனுக்குச் செய்வதையே அவர் தமக்குச் செய்தார்: ஒரு நாளையும் ஒரு கேள்வியையும் ஒரு கையெழுத்துப் பிரதியையும் வைத்துத் தம் வாழ்க்கை ஏன் அந்தத் திசையில் போனது என்பதை மறக்க முடியாதபடி நிறுத்திவிட்டார்.

இந்த வரலாற்றை ஆராய இன்று ஒரு தடை இருக்கிறது. தொடர்கதைகளை நாம் புத்தகமாகவே படிக்கிறோம். வாரத் தவணை எங்கே வெட்டுப்பட்டது, அந்த வாரம் ஓவியர் மணியம் எந்தக் காட்சியை வரைந்தார், ‘தில்லானா மோகனாம்பாள்’ அத்தியாயத்துக்குக் கோபுலு என்ன படம் போட்டார், அடுத்த இதழில் வாசகர் கடிதம் என்ன கேட்டது என்பதெல்லாம் பல பதிப்புகளில் உதிர்ந்துவிட்டன. நம் வீடுகளில் பாட்டிமாரும் தாத்தாமாரும் வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டு வைத்த பைண்டு வால்யூம்களில் அவை இன்னும் அப்படியே இருக்கின்றன. வீடு மாற்றும்போதும் பாகம் பிரிக்கும்போதும் அவை எடைக்குப் போகின்றன. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கட்டு இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்கோ, ஊரில் உள்ள கல்லூரி நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.